முழங்காலருகே எலும்புப் புற்று: கால் எந்தக் கட்டத்தில் காப்பாற்றப்படுகிறது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ, பதின்ம வயதுப் பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "எங்கே விழுந்தே?" என்பதுதான். ஃபுட்சால் ஆட்டம், பள்ளித் திடல், மாடிப்படி என்று ஏதாவது ஒரு விழுகை கட்டாயம் நினைவுக்கு வரும். பிறகு தைலம், வெந்நீர் ஒத்தடம், தெரிந்தவரிடம் சுளுக்கு எடுப்பது, பக்கத்து கம்போங்கில் உருட் (மலாய் மரபுப்படி உடம்பைப் பிடித்துத் தேய்த்துவிடுவது) செய்பவர். பெரும்பாலான வலிகள் இதில் போய்விடும். இது எதுவும் செய்யாவிட்டாலும் போய்விடும். போகாமல் நிற்கிற மிகச் சில வலிகளில் ஒன்று எலும்புப் புற்றாக இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

காலை வெட்டாமல் புற்று பிடித்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக இம்பிளான்ட் பொருத்தி நடக்க வைக்கும் அறுவை மலேசியாவில் புதிதல்ல. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்றே எலும்புப் புற்று அறுவைப் பிரிவுகள் இருக்கின்றன. செய்தித்தாளில் இந்த அறுவையைப் பற்றிப் படிக்கும்போது மருத்துவர்களின் கைத்திறனும் இம்பிளான்டின் விலையும்தான் கண்ணில் படும். எனக்கு அதற்கு முந்தைய கதை முக்கியமாகத் தெரிகிறது. ஒரு பிள்ளையின் கால் மிஞ்சுமா என்பது பாதிக்கு மேல் அறுவைக் கூடத்துக்கு வெளியே, அதற்கு முந்தைய மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. எந்த வலியை எப்போது எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பில் முதல் ஊசியை யார் எந்த இடத்தில் குத்தினார், கீமோ எனும் புற்று மருந்துச் சிகிச்சையை ஒழுங்காக முடித்தோமா என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

எந்த வலிக்கு எக்ஸ்ரே?

இளைப்பாறினாலும் குறையாத வலி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ தொட்டால் கெட்டியாகத் தெரியும் வீக்கம், இரண்டு மூன்று வாரத்தில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போவது, நொண்டி நடப்பது. இவற்றில் எது இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதெல்லாம் எலும்புப் புற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம், "எக்ஸ்ரே எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. முதல் எக்ஸ்ரே தெளிவாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால், மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

விழுந்ததால் புற்று வருவதில்லை. ஏற்கெனவே எலும்புக்குள் இருக்கும் கட்டி, விழுந்த பிறகு கவனத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த விழுகையே நம்மை ஏமாற்றிவிடும். கனடாவின் டெரி ஃபாக்ஸுக்கு நடந்தது அதுதான். கோலாலம்பூரில் அவர் பெயரில் நடந்த ஓட்டத்தில் கலந்துகொண்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். 1976ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கார் விபத்தில் அவருடைய வலது முழங்காலில் அடிபட்டது. பிறகு வலி திரும்பியபோது கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் மருத்துவமனைக்குப் போனபோது ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று என்று தெரிந்து, முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18. செயற்கைக் காலோடு 1980இல் கனடாவைக் குறுக்காக ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலில் தெரிந்தது. 1981இல் 22 வயதில் இறந்தார்.

உருட், சுளுக்கு எடுத்தல் பற்றிப் பாரம்பரியத்தைப் பழிக்கும் எண்ணமின்றிச் சொல்கிறேன். வெறும் தசைப்பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம். எலும்புக் கட்டி மேல் அழுத்தித் தேய்ப்பது வேறு விஷயம். இந்தக் கட்டிகளில் ரத்தக்குழாய்கள் நிறைய இருக்கும். எலும்பும் அங்கே பலவீனமாகிவிட்டிருக்கும். தைவானில் ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நோய் தெரியும் முன் இப்படிக் கையால் அழுத்தி முறுக்கும் சிகிச்சை எடுத்தவர்களிடம் நுரையீரல் பரவல் கூடுதலாகவும் உயிர்பிழைப்பு குறைவாகவும் இருந்தது. இதில் கெடுவது இரண்டு: காலமும், கட்டியைச் சுற்றியிருக்கும் நல்ல தசையும். அந்த நல்ல தசையை நம்பித்தான் பின்னால் அறுவை நடக்க வேண்டும்.

ஏன் முழங்கால்?

தொடை எலும்பின் கீழ்முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள்தான் காலின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உண்டாக்குகின்றன. உடல் வேகமாக வளரும் வயதில் அங்கே செல்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கும். ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் வருவதும், ஏறத்தாழப் பாதி முழங்காலைச் சுற்றியே வருவதும் இதோடு தொடர்புடையவை.

முழங்காலருகே வரும் எல்லாக் கட்டியும் ஆஸ்டியோசார்கோமா அல்ல. ஈவிங் சார்கோமாவும் பிள்ளைகளைத்தான் தாக்கும்; அது கதிர்வீச்சுக்கும் கட்டுப்படும். காண்ட்ரோசார்கோமா நடுவயதுக்காரர்களுக்கு வருவது, கீமோவுக்குப் பெரிதாக மசியாது. 20 முதல் 40 வயதினருக்கு வரும் ஜெயன்ட் செல் டியூமர் பொதுவாகப் புற்றே அல்ல. ஆனாலும் எலும்பைத் தின்றுவிடும். அதைப் பல நேரம் சுரண்டி எடுத்து எலும்பு சிமென்ட் நிரப்பினாலே போதும். எக்ஸ்ரேயில் இவை ஒன்றையொன்று ஒத்திருக்கலாம் என்பதால்தான் பயாப்சி, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது.

முதல் ஊசி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

பயாப்சி எடுக்க ஊசி போகும் பாதை முழுவதிலும் புற்றுச் செல்கள் சிந்தியிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அறுவை மருத்துவர் வேலை செய்வார். பின்னால் கட்டியை எடுக்கும்போது தோலிலிருந்து எலும்பு வரை அந்தப் பாதையையும் சேர்த்தே எடுத்துவிடுவார். ஆகவே ஊசித்தடம், பிறகு போடப்போகும் வெட்டுக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். முழங்காலின் பின்புறம் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் போகின்றன. அந்தப் பக்கம் குத்தினால் அவையும் மாசுபடும். மூட்டின் உள்ளறைக்குள் குத்தினால் மூட்டு முழுவதையும் எடுக்க வேண்டிவரும். தொடையில் குறுக்குவாட்டில் கீறினால், அதைச் சுற்றி எடுக்க எவ்வளவு தோல் போகும் என்று யோசித்துப் பாருங்கள். எலும்பில் பிடித்த ரத்தக்கட்டு என்று நினைத்துக் கட்டியைத் திறந்து சுத்தம் செய்வதும், புற்றினால் முறிந்த எலும்பைச் சாதாரண முறிவு என்று நினைத்து உள்ளே கம்பி செலுத்துவதும் இதைவிட மோசம். கம்பி போன நீளம் முழுக்கப் புற்று பரவிவிடும்.

அமெரிக்காவில் ஹென்றி மான்கின் என்ற எலும்பு மருத்துவர் 1982இலும் மறுபடி 1996இலும் இதைக் கணக்கெடுத்தார். பயாப்சியில் நேர்ந்த தவறுகளால் தேவையில்லாமல் கால் அல்லது கை இழந்தவர்கள் இரண்டு கணக்கெடுப்பிலும் இருந்தார்கள். அவர் சொன்ன தீர்வு இரண்டு முறையும் ஒன்றே: கடைசி அறுவையை யார் செய்யப்போகிறாரோ அவருடைய குழுவே பயாப்சியும் எடுக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகியும் உலகமெங்கும் இந்த எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனவே எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உள்ளூர் மருத்துவர், "நாளைக்கே ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இது புற்றாக இருந்தால் அறுவையை நீங்களே செய்வீர்களா டாக்டர், இல்லை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?" அனுப்புவார் என்றால் பயாப்சிக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பினாங்கிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறுவது குடும்பத்துக்குப் பெரிய பாரம்தான். ஆனாலும் ஒரு வாரம் தள்ளிச் சரியான கையில் எடுத்த பயாப்சி, நாளைக்கே தவறான இடத்தில் எடுத்ததைவிட மேல். கட்டி இருக்கும் எலும்பு முழுவதற்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பதும் பயாப்சிக்கு முன்னால் நடக்க வேண்டியதே. ஊசி குத்திய பிறகு உள்ளே ஏற்படும் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். நெஞ்சுக்கு சிடி ஸ்கேனும் எடுப்பார்கள், ஏனென்றால் ஆஸ்டியோசார்கோமா பரவினால் முதலில் போவது நுரையீரலுக்கு.

கீமோ திறந்த வழி

1970களுக்கு முன் ஆஸ்டியோசார்கோமா என்றால் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எடுத்தும் ஐந்தில் நான்கு பேர் பிழைக்கவில்லை. கால் போன சில மாதங்களில் நுரையீரலில் கட்டி தெரியும். எக்ஸ்ரேயில் புலப்படாத சிறு துணுக்குகள் ஆரம்பத்திலேயே நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. பெரிய அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், பிறகு டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகள் வந்த பிறகு நிலைமை மாறியது. 1986இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது: அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம், அறுவையோடு கீமோவும் எடுத்தவர்களில் 66 சதவீதம். டெரி ஃபாக்ஸிடம் அவருடைய மருத்துவர்கள், பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, இரண்டு ஆண்டுக்கு முன்பென்றால் 15 சதவீதம்தான் என்று சொன்னார்களாம். மருந்து அவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. இன்று பரவாத நிலையில் கண்டுபிடித்தால் மூன்றில் இரண்டு பேர் வரை நீண்ட நாள் வாழ்கிறார்கள்.

அறுவைக்கு முன்பே கீமோ கொடுக்கும் வழக்கம் பிறந்த விதம் சுவையானது. 1970களில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்து உலோக மூட்டு செய்வித்தார்கள். அது வந்துசேர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை நோயாளியைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் ஜெரால்ட் ரோசனும் அவருடன் இருந்தவர்களும் கீமோவைத் தொடங்கினார்கள். கட்டி இறுகியது, வீக்கமும் வலியும் குறைந்தன, சுற்றியுள்ள தசையிலிருந்து கட்டியைப் பிரித்தெடுப்பது சுலபமானது. எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அளக்கவும் முடிந்தது. 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் செத்திருந்தால் நல்ல பலன் என்று இன்றும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இம்பிளான்ட் தாமதமானதால் கிடைத்த வழக்கம், இன்று உலகமெங்கும் ஏறக்குறைய பத்து வார முன்சிகிச்சையாக நிலைபெற்றுவிட்டது.

அந்த 1986இலேயே இன்னொரு கேள்விக்கும் விடை வந்தது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசார்கோமா வந்த 227 பேரை ஒப்பிட்டுப் பார்த்ததில், காலைக் காத்தவர்களும் காலை எடுத்தவர்களும் உயிர்பிழைத்த விகிதத்தில் வேறுபாடு இல்லை. "காலை வைத்திருந்தால் புற்று திரும்பி வருமோ, பேசாமல் எடுத்துவிடலாமா?" என்று கலங்கும் பெற்றோருக்கு இதுதான் பதில். கட்டியைச் சுற்றி நல்ல சதையின் உறையோடு, கட்டியைக் கத்தி தொடாமல் முழுதாக எடுக்க முடிந்தால், காலை வைத்துக்கொள்வதால் உயிருக்கு ஆபத்து கூடுவதில்லை. எடுக்க முடியாது என்றால் காலை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். முதலில் உயிர், அடுத்து கால், அதற்கடுத்து நடை. இந்த வரிசையை எந்த நல்ல குழுவும் மாற்றாது.

கீமோவைப் பற்றி இரண்டு செய்தி. சிஸ்பிளாட்டின் காது கேட்கும் திறனையும் டாக்ஸோரூபிசின் இதயத்தையும் பாதிக்கக்கூடும்; அதனால் இரண்டையும் அவ்வப்போது சோதிப்பார்கள். குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். பருவமெய்திய பையன் என்றால், மருந்து தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்க முடியுமா என்று கேட்கலாம். அப்பாவும் மகனும் பேசக் கூச்சப்படும் பேச்சு இது. மருந்து ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

எடுப்பதும் வைப்பதும்

தொடை எலும்பின் கீழ்முனை என்றால், எம்ஆர்ஐயில் கட்டி முடியும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலே எலும்பை அறுத்து, மூட்டுவரை உள்ளதை ஒரே துண்டாக எடுப்பார்கள். முழங்காலுக்குப் பின்னால் போகும் தமனியையும் நரம்பையும் மெல்லப் பிரித்து ஒதுக்குவதே இதில் நேரம் பிடிக்கும் வேலை. பிறகு தேவையான நீளத்துக்குப் பகுதி பகுதியாகக் கோத்த உலோக எலும்பு. அதன் தண்டு மீதித் தொடை எலும்பின் உள்ளே போகும், சிமென்டோடு அல்லது சிமென்ட் இல்லாமல். கீழே கணைக்கால் எலும்புக்குள் இன்னொரு தண்டு. மூட்டைத் தாங்கிப் பிடித்த தசைநார்கள் எலும்போடு போய்விட்டதால், முதியவர்களுக்கு வைக்கும் வழக்கமான செயற்கை முழங்கால் இங்கே நிற்காது. கதவுக் கீல்போல இரு பாதியும் அச்சாணியால் கோக்கப்பட்டு, சிறிது சுழலவும் இடம்தரும் மூட்டு வேண்டும். பெரும்பாலோர் சில நாட்களிலேயே ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கணைக்கால் எலும்பின் மேல்முனை வேறு கதை. முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. காலை நீட்டும் வலு முழுவதும் அதன் வழியாகவே இறங்குகிறது. எலும்பை எடுத்தால் அந்த ஒட்டிடம் போய்விடும். உலோகத்தில் தசைநாண் தானாக ஒட்டாது. மேலும் கணைக்காலின் முன்புறத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை என்று சொல்ல எதுவுமில்லை. தையல் பிரிந்தால் நேராக உலோகம் தெரியும். இரண்டுக்கும் சேர்த்துக் கண்டுபிடித்த உபாயம், கெண்டைச் சதையின் உள்பக்கப் பாதியை அதன் ரத்தக்குழாயோடு முன்னால் திருப்பிப் போட்டு இம்பிளான்டை மூடி, தசைநாணை அந்தச் சதையோடு சேர்த்துத் தைப்பது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மருத்துவர்கள் இப்படிச் செய்யத் தொடங்கியபின், தங்கள் நோயாளிகளிடம் கிருமித்தொற்று 36 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கியதாக 1999இல் எழுதினார்கள். உலோகத்தை மாற்றியதால் வந்த முன்னேற்றமல்ல இது. நோயாளியின் சொந்தச் சதையை இடம் மாற்றியதால் வந்தது. ஆனால் தசைநாண் பிடித்துக்கொள்ள வாரக்கணக்கில் காலை மடக்காமல் தாங்குபட்டை போட்டு வைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் தொடை எலும்பு அறுவை முடிந்தவர் முழங்காலை மடக்கிப் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு, "என் மகனுக்கு மட்டும் ஏன் இன்னும் பயிற்சி தொடங்கவில்லை?" என்று கலங்குவது இதனால்தான். இரண்டும் வேறு வேறு அறுவை.

உலோகம் மட்டுமே வழியல்ல. கொடையாக வந்த எலும்பை வைக்கலாம். குபாங் கெரியானில் தேசியத் திசு வங்கி இருக்கிறது. எடுத்த எலும்பையே கதிர்வீச்சுக் கொடுத்தோ, ஜப்பானின் கனசாவாவில் தொடங்கியபடி திரவ நைட்ரஜனில் உறையவைத்தோ, புற்றைக் கொன்றபின் அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். ஆனால் முழங்கால் மூட்டே போய்விடும் நிலையில், சீக்கிரம் நடக்க வைப்பது உலோகம்தான்.

வளரும் பிள்ளைக்கு இன்னொரு கணக்கு. பத்து வயதுப் பிள்ளையின் தொடை எலும்புக் கீழ்முனையை எடுத்தால், வளர்ச்சி நிற்கும் வயதுக்குள் அந்தக் கால் மற்றதைவிடப் பல சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். அந்த முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு மட்டுமே ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ப்பது. இதற்காகவே நீளும் இம்பிளான்ட் இருக்கிறது. பழைய வகையில் ஒவ்வொரு முறையும் சிறு கீறல் போட்டுத் திருகுவார்கள். 2000களில் இங்கிலாந்தில் வந்த வகையில், காலைக் காந்தச் சுருளுக்குள் வைத்தால் உள்ளிருக்கும் சிறு மோட்டார் சுழன்று மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நீட்டும், கத்தி தேவையில்லை. விலை மிக அதிகம், நுட்பம் கூடக் கூடப் பழுதாகும் பாகங்களும் கூடும். எல்லாப் பிள்ளைக்கும் இதுவே சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

மிகச் சிறு பிள்ளைகளுக்குச் சில நாடுகளில் சுழற்சி அறுவை செய்கிறார்கள். முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பின்புறமாகத் திருப்பித் தொடையோடு இணைப்பார்கள். கணுக்கால் மூட்டு முழங்கால் வேலையைப் பார்க்கும், பாதம் செயற்கைக் காலுக்குள் நுழையும். பார்க்க விசித்திரமாக இருக்கும், நம் குடும்பங்கள் முதல் பேச்சிலேயே வேண்டாம் என்றுவிடும். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், ஆயுளுக்கும் இம்பிளான்ட் மாற்றும் கவலை இல்லை. காலை முழுதாக எடுத்தவர்களும் நல்ல செயற்கைக் காலோடு நன்றாக வாழ்கிறார்கள். தமனியும் நரம்பும் கட்டிக்குள் சிக்கியிருக்கும்போது, உணர்ச்சியற்ற, அடிக்கடி சீழ் பிடிக்கும் ஒரு காலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவதைவிட அது நல்ல முடிவு. அதைத் தோல்வி என்று யாரும் அந்தப் பிள்ளையின் காதுபடப் பேசக்கூடாது.

இம்பிளான்டோடு வாழ்வது

இம்பிளான்ட் வைத்தவர்களை அதிகம் துன்புறுத்துவது கிருமித்தொற்று. 12 நாடுகளில் 604 நோயாளிகளிடம் நடந்து 2022இல் முடிவு வெளியான பேரிட்டி ஆய்வில், அறுவைக்குப் பின் ஒரே ஒரு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தவர்களுக்கும் ஐந்து நாள் கொடுத்தவர்களுக்கும் தொற்றில் வேறுபாடு இல்லை. இரு குழுவிலுமே ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அறுவை இடத்தில் தொற்று வந்தது. கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடல், பெரிய காயம், பெரிய உலோகம் என்று மூன்றும் சேருமிடம் அது. உலோகத்தின்மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரை எட்டாது. இம்பிளான்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்டை வைத்து, மாதங்கள் கழித்துப் புதியதைப் பொருத்த வேண்டிவரும்.

ஆகவே ஆயுள் முழுக்கச் சில பழக்கம் வேண்டும். பல் சொத்தையை வளர விடக்கூடாது. பல் மருத்துவரிடம் இம்பிளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். காலில் சிறு புண் என்றாலும் கவனிக்க வேண்டும். காலில் சூடோ வீக்கமோ, காரணம் தெரியாத காய்ச்சலோ வந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தானாக விழுங்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே போக வேண்டும். முன்பே மருந்து விழுங்கினால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினம்.

நம் மக்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கி மனத்துக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்விகள் உண்டு. சம்மணமிட்டு உட்காரலாமா? இந்த மூட்டு செங்கோணத்துக்குச் சற்று மேல் மடங்கினாலே நல்ல பலன். தரையில் சம்மணமிடுவதும், குந்துவதும், மண்டியிடுவதும் கீலையும் தண்டையும் முறுக்கும். திருமணத்தில் மணையில் உட்காரவேண்டும் என்றால் உயரமான முக்காலி போடச் சொல்லலாம், ஐயர் மறுக்கப்போவதில்லை. வீட்டில் குந்தும் கழிப்பறை இருந்தால் அறுவைக்கு முன்பே மாற்ற ஏற்பாடு செய்வது நல்லது. பத்துமலையின் 272 படிகள் ஏறலாமா? தசை வலுத்தபின், கைப்பிடியைப் பிடித்து, கூட்டமில்லாத நாளில், மருத்துவர் சரி என்றால் ஏறலாம். அலகு குத்திக் காவடி எடுப்பது பற்றி மட்டும் என் கருத்தைக் கடுமையாகவே சொல்கிறேன்: தோலைத் துளைக்கும் எதுவும் ரத்தத்தில் கிருமியை இறக்கக்கூடும், அது போய்த் தங்க இடம் தேடினால் இந்த உலோகம் இருக்கிறது. பிள்ளை பிழைத்தால் அலகு குத்துவதாக நேர்ந்துகொண்ட குடும்பங்கள் அதைப் பால்குடமாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொள்ளலாம். அப்பாவோ மாமாவோ அவனுக்காகக் காவடி எடுக்கலாம்.

தொற்று வராவிட்டாலும் இம்பிளான்ட் தேயும். தண்டு எலும்பில் தளரலாம், கீலின் பிளாஸ்டிக் உறை தேயலாம், அரிதாக உலோகமே முறியலாம். பதினைந்து வயதில் வைத்துக்கொண்டவர் ஆயுளில் ஒரு முறையாவது திருத்த அறுவைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஃபுட்சாலும் பேட்மின்டனும் போய்விடும். நீச்சலும் சைக்கிளும் இருக்கும். விளையாட்டுக்காரப் பையனுக்கு இந்தச் செய்தி புற்று என்ற செய்தியைவிடக் கடுமையாக விழலாம், அதை அறுவைக்கு முன்பே அவனிடம் நேராகச் சொல்ல வேண்டும்.

பத்து வாரத்தில் செய்ய வேண்டியது

அரசாங்க மருத்துவமனையில் படுக்கைக்கும் மருந்துக்கும் நாம் கட்டுவது சொற்பம். இம்பிளான்ட் அப்படியல்ல. அது பல நேரம் நோயாளி தலையில் விழும் தனிச் செலவு, பல்லாயிரம் ரிங்கிட். அங்கேதான் குடும்பங்கள் திகைத்து நின்றுவிடுகின்றன. சிலர் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள், சிலர் முகநூலில் பிள்ளையின் படத்தைப் போட்டு உதவி கேட்கிறார்கள். அதற்கு முன் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி இம்பிளான்ட் போன்ற செலவுகளுக்கென்றே இருப்பது. 1994இல் தொடங்கிய மக்னா போன்ற புற்றுநோய் அமைப்புகளும் விண்ணப்பம் வாங்குகின்றன. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், மருத்துவர் கடிதம், இம்பிளான்ட் விலைப்பட்டியல் எல்லாம் கேட்பார்கள், வீட்டுக்கு வந்தும் விசாரிப்பார்கள், ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகும். அறுவைக்கு முந்தைய கீமோ நடக்கும் அந்தப் பத்து வாரம்தான் இதற்கு உள்ள காலம். பயாப்சி முடிவு வந்த வாரத்திலேயே அப்பா வார்டில் பிள்ளையோடு இருந்தால், அம்மாவோ சித்தப்பாவோ படிவங்களோடு அந்த அலுவலகத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்கும் அதே வாரம் கடிதம் கொடுத்துவிடலாம். பெரிய மருத்துவமனைகளில் கல்வி அமைச்சின் ஆசிரியர்கள் வந்து நடத்தும் மருத்துவமனைப் பள்ளி உண்டு, எஸ்பிஎம் தேர்வு ஆண்டு வீணாக வேண்டியதில்லை. ஊனமுற்றோர் அட்டைக்கு அறுவைக்குப் பின் சமூக நல இலாகாவில் பதியலாம்.

சிகிச்சை முடிந்தபின் முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கொரு முறை நெஞ்சுக்கும் காலுக்கும் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். பிறகு இடைவெளி கூடும். பினாங்கிலிருந்து வருகிறவர்கள், நெஞ்சுப் படத்தைப் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு ஆண்டுக்குச் சில முறை மட்டும் வரமுடியுமா என்று இரு பக்கத்து மருத்துவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். நுரையீரலில் ஒன்றிரண்டு துணுக்கு தெரிந்தாலும் அறுவையால் எடுத்து மீண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணுக்கு சிறிதாக இருக்கும்போதே தெரிந்தது, தவணை தவறாமல் படம் எடுத்ததால்.